ரங்கூன் கார்களும் ஐந்து இழைச் செம்பும்

இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று கனகாலமாக நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன மாதம் ரங்கூனில் இருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்புத்தான் என்னைக் கதிரையில் பிடித்து இருத்தியது. அந்த அழைப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்படாமல் வாருங்கள்.

எங்கட ஆட்களுக்கு ரங்கூன் என்றால் ‘பராசக்தி’ தான். 1952இல் வந்த அந்தப் படத்தில் அண்ணன் தம்பிமார் இருந்த ஊர், யுத்தம் வர விட்டுவிட்டு வெளிக்கிட்ட ஊர். அதற்கு மேல் எனக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. 2010 தை மாதம் பாங்கொக் வழியாக அங்கே போய் இறங்கியபோது நான் பார்க்க நினைத்தது கோயில்களையும் செட்டியார்மார் இருந்த தெருக்களையும். 1871இல் தமிழர் கட்டிய காளி கோயில் அனவ்ரதா வீதியில் இன்றும் இருக்கிறது. ஆனால் கோயில் வாசலில் நின்றபோது என் கண் கோபுரத்தில் நிற்கவில்லை. வீதியில் ஓடிய வாகனங்களில்தான் நின்றது.

மொறிஸ் மைனர். ஹில்மன். பின்பக்கம் மரப்பலகையும் தகரமும் அடித்த வில்லிஸ் ஜீப். நாலு பேர் முழங்காலோடு முழங்கால் முட்ட இருக்கும் மஸ்டாக் குட்டி வாகனம், அதற்கு “நாலு சக்கரம்” என்ற கருத்தில் ஒரு பர்மியப் பெயர். இதையெல்லாம் விட ஒன்று. சனம் தொங்கிக்கொண்டு போன ஒரு பஸ்ஸின் மூக்கைப் பார்த்தால் அது செவர்லே இராணுவ லொறி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடா 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைச் செய்தது. அதிலே செவர்லே லொறிகளைச் செய்த ஒசாவா நகரம் நான் குடியிருக்கும் இடத்தில் இருந்து ஒரு மணித்தியாலத் தூரம். அந்த லொறி ரங்கூனில் மரத்தால் உடம்பு கட்டி, 65 வருசம் கழித்தும் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. கனடாவில் இருந்து போனவனைக் கனடா லொறி வரவேற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேநீர்க் கடையில் விசாரித்துத்தான் அந்தக் கராஜைக் கண்டுபிடித்தேன். கராஜ் என்று சொல்வது மரியாதைக்கு. தெருவோரம், ஒரு தகரத் தாழ்வாரம், கீழே ஒரு மொறிஸ் மைனர், அதன் போனெற்றுக்குள் தலையை விட்டபடி லோஞ்சி கட்டிய ஒரு பெரியவர். பெயர் வேண்டாம். தகப்பன் இராமநாதபுரம் பக்கம், இவர் பிறந்தது ரங்கூனில். நான் “அண்ணை” என்று கூப்பிட, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“தம்பி சிலோனா? அந்தப் பேச்சக் கேட்டு ரொம்ப வருசமாச்சு.”

அவர் அப்போது செய்துகொண்டிருந்தது பியூஸ் பெட்டி வேலை. எனக்கு அது பழக்கமான பெட்டி. எங்கட வீட்டிலும் ஒரு மொறிஸ் மைனர் நின்றது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். இன்றைய காரில் பியூஸ் முப்பது நாற்பது இருக்கும். மொறிஸ் மைனரில் வேலை செய்வது இரண்டே இரண்டு. பேர்மிங்காமில் இருந்த லூக்காஸ் கம்பெனி செய்த சின்னப் பெட்டி அது. இரண்டு கண்ணாடிக் குழல் பியூஸ், பக்கத்தில் மாற்றுக்கு இரண்டு. ஏ1, ஏ2 என்று குறித்த சோடிக்குப் பற்றரியில் இருந்து நேரே மின்சாரம் வரும், ஹோர்ன் போன்றவை அதிலே. ஏ3, ஏ4 சோடிக்குச் சாவி போட்டால்தான் வரும், வைப்பர், எண்ணெய் மானி, பிறேக் லைற் எல்லாம் அதிலே. முன் லைற்றுக்குப் பியூஸே கிடையாது! இங்கிலாந்துக்காரன் ஏன் அப்படி விட்டான் என்று கேட்காதீர்கள். லூக்காஸ் கம்பெனியை “இருட்டின் இளவரசன்” என்று கார்ப் பைத்தியங்கள் பகிடி பண்ணுவது சும்மா இல்லை.

ஆனால் அந்த ஆட்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். வயர்களுக்கு நிறம் வைத்தார்கள். மண்ணிறம் என்றால் பற்றரியில் இருந்து நேரே வருவது. வெள்ளை சாவிக்குப் பிறகு வருவது. அது பியூஸைத் தாண்டினால் பச்சை. நீலம் முன் லைற். சிவப்பு பக்க லைற். கறுப்பு உடம்பில் முடிவது. நிறம் தெரிந்தால் எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் காரை வாசிக்கலாம்.

நான் போனெற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். வாசிக்க முடியவில்லை. பெட்டியில் இருந்து ஒரு சாண் நீளத்துக்குத் துணி சுற்றிய பழைய மண்ணிற வயர். அதற்குப் பிறகு முடிச்சு. முடிச்சுக்குப் பிறகு வேறு நிறம், வேறு தடிப்பு. இன்னொரு முடிச்சு. அதற்கப்பால் பளபளவென்று புது பிளாஸ்ரிக் வயர். பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

“இது வெள்ளைக்காரன். இது சப்பான்காரன். இது சீனாக்காரன்.”

ரங்கூனின் அறுபது வருசச் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போகிறேன், நீங்களும் வாருங்கள்.

முதல் சாண், வெள்ளைக்காரன். 1931 குடிசன மதிப்பீட்டில் ரங்கூன் நகரத்தின் சனத்தொகை 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியதும் அவர்கள், வட்டிக்குக் கொடுத்ததும் அவர்கள், கார் ஓட்டியதும் திருத்தியதும் பெரும்பாலும் அவர்கள். 1942 மார்ச் 8ஆம் திகதி யப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அதற்கு முன் பிரித்தானியரும் அமெரிக்கரும் துறைமுகத்தில் பூட்டி முடிக்காமல் கிடந்த 900க்கும் மேற்பட்ட லொறிகளை, எதிரி கையில் அகப்படக்கூடாது என்று தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக அசாம் பக்கம் நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று சரியான கணக்கு இல்லை. 1945இல் நேச நாட்டுப் படைகள் திரும்பி வந்தபோது கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போனவைதான் அந்த ஜீப்புகளும் செவர்லே லொறிகளும். சுதந்திரத்துக்குப் பிறகு 1950களில் மொறிஸ், ஒஸ்ரின், ஹில்மன் எல்லாம் கப்பலில் வந்தன. பியூஸும் கூடவே வந்தது, பெட்டி பெட்டியாக.

1962 மார்ச் 2ஆம் திகதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை, கடைகளுக்குப் பெயர் போய் இலக்கம் வந்தது. அதே வருசம் மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. அடுத்த சில வருசங்களில் ஏறக்குறைய 3 லட்சம் இந்திய வம்சாவளி மக்கள் வெளியேறினார்கள். சென்னையில் பர்மா பஜாரும், தமிழ்நாட்டு ஊர்களில் பர்மா காலனிகளும் வந்தது இப்படித்தான். நகை, பணம், வீடு, கார் எல்லாம் அங்கேயே.

எங்கட பெரியவருக்கு அப்போது பத்தொன்பது வயது. குஜராத்தி முதலாளி ஒருவரின் கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தார். முதலாளி கப்பலேறினார். பெரியவரின் தாய் தகப்பன் கப்பலேறினார்கள். இவர் ஏறவில்லை.

“ஏன் அண்ணை?”

“முதலாளி சாவியக் கையில குடுத்து, ஆறு மாசத்துல வந்துருவேன், வண்டிகளப் பாத்துக்கன்னாரு. பாத்துக்கிட்டே இருக்கேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதத்தில் வந்துவிடுவோம் என்று வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர்களில் இதை வாசிக்கும் எத்தனை பேர் இருப்பீர்கள்?

கராஜையும் பிறகு அரசாங்கம் எடுத்தது. இவர் தெருவுக்கு வந்தார், கையில் ஒரு குறடும் ஒரு சோதனை பல்ப்பும்.

அதற்குப் பிறகு இங்கிலாந்துச் சாமான் வருவது நின்றது. இரண்டாவது முடிச்சு இங்கேதான். யப்பான் 1954இல் பர்மாவோடு போர் நட்டஈட்டு ஒப்பந்தம் செய்திருந்தது, 20 கோடி டொலர். 1963இல் மேலும் 14 கோடி. அந்த வழியாக நாலு தொழில்கள் வந்தன: ஹினோ கனரக வாகனம், மஸ்டா சிறு வாகனம், குபோட்டா விவசாய இயந்திரம், மற்சுஷிற்றா மின்சாதனம். ரங்கூனைக் குண்டு போட்டுப் பிடித்தவனின் நட்டஈடு, வெள்ளைக்காரன் விட்டுப்போன காருக்கு வயராக வந்து சேர்ந்தது! நேரே கடையில் வாங்கியதல்ல. விபத்தில் நொறுங்கிய ஹினோ லொறியில் இருந்து உரித்து எடுத்தது. யப்பான் கண்ணாடிப் பியூஸ் லூக்காஸ் கவ்விக்குள் ஆடும். அதனால் கவ்வியைக் குறட்டால் கொஞ்சம் நெருக்க வேண்டும். நெருக்கி நெருக்கிப் பித்தளை களைத்து உடைந்துவிடும். உடைந்தால் பித்தளைத் தகடு வெட்டிப் புதுக் கவ்வி. இப்படியே போகும் கதை.

இதற்குள் 1970 டிசெம்பர் 6ஆம் திகதி, இடப்பக்கம் ஓடிய நாடு ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாறியது. சோதிடர் சொல்லி நே வின் மாற்றினார் என்பார்கள், வேறு கதைகளும் உண்டு. எனக்கு முக்கியம் அதன் பின்விளைவு. பிரித்தானியக் காரின் முன் லைற்றைத் தாழ்த்தினால் ஒளி இடப்பக்கம் சாயும், இடப்பக்கம் ஓடும் நாட்டில் அது வீதிக்கரை. வலப்பக்கம் ஓடினால் அது நேரே எதிரே வருபவனின் கண்ணில். ஆட்சியாளர் ஒரு கையெழுத்துப் போட்டார், ரங்கூன் மெக்கானிக்மார் வருசக்கணக்காக லைற்றுக் கண்ணாடியைத் திருப்பியும் பாதிக்குக் கறுப்பு மை பூசியும் சமாளித்தார்கள்.

வயர் எங்கே கிடைக்கும்? தாய்லாந்து எல்லையால் கள்ளச் சந்தைக்கு வரும். கிடைக்காத மாதத்தில் வீட்டு வயர். அதைப் பெரியவர் வெறுத்தார். வீட்டு வயருக்குள் ஒற்றைக் கம்பி, கார் குலுங்கக் குலுங்கக் களைத்து உள்ளுக்குள்ளேயே அறும், வெளியே தெரியாது. காருக்குப் பல இழை வேண்டும். மழை வேறு. ரங்கூனில் வருசத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும், வைகாசியில் தொடங்கி ஐப்பசி வரை. பித்தளைக் கவ்வியில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அந்தக் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும், தடுக்கிற இடம் சூடேறும், சூடேற மெழுகுபோல் இளகிப் பெட்டியே வளையும். பலர் பியூஸ் எரிந்தது என்று பியூஸை மாற்றுவார்கள். குற்றம் கவ்வியில் இருக்கும். பெரியவர் கவ்வியைக் கழற்றிப் புளியில் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் பூட்டினார். எங்கட அம்மா குத்துவிளக்கு மினுக்குவதும் புளியால்தான்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கார் ஓடியவர்களுக்குத் தெரியும். பெற்றோல் தடை, பற்றரி தடை, உதிரிப் பாகம் தடை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் வெள்ளைப் புகை. எங்கட காரில் ஏ1, ஏ2 பியூஸ் எரிந்தபோது மாற்றுப் பியூஸ் இல்லை. சித்தப்பா சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைச் சுற்றிப் போட்டார். வேலை செய்தது. எல்லாரும் அவரைக் கெட்டிக்காரன் என்றோம்.

1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்ட இரவு. மழை. காரில் அப்பாச்சி, இரண்டு குழந்தைகள், மூட்டைகள். நாவற்குழிப் பக்கம் சனத்துக்குள் அடி அடியாக ஊர்ந்தோம், அப்பா ஹோர்னை அடித்துக்கொண்டே. போனெற்றுக்குள் தகரத் துவாரத்தில் உரசி உரசி ஹோர்ன் வயரின் தோல் தேய்ந்திருக்கிறது. தகரத்தில் முட்டியது. பியூஸ் இருந்திருந்தால் கணத்தில் உருகி, ஹோர்ன் மட்டும் நின்றிருக்கும். ஈயத்தாள் உருகவில்லை. வயர் சிவந்தது, பக்கத்து வயர்களையும் சேர்த்துக்கொண்டு எரிந்தது. மழை நீரை அள்ளி ஊற்றி அணைத்தோம். காரை வீதிக்கரையில் தள்ளிவிட்டு, அப்பாச்சியைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு நடந்தோம். அந்தக் காரை நாங்கள் பிறகு காணவில்லை.

இதைப் பெரியவருக்குச் சொன்னேன். அவர் குறட்டைக் கீழே வைத்தார்.

“பியூஸ் லைட்டுக்குக் காவல் இல்ல தம்பி, வயருக்குக் காவல். காவக்காரன் சாகணும். அவன் சாகாட்டி வீடு எரியும்.”

பிறகு தன் வழியைக் காட்டினார். எரிந்த கண்ணாடிக் குழலின் இரண்டு தொப்பிகளுக்கும் நடுவே மெல்லிய செம்பு இழை. வீட்டு மின்விசிறி வயரைப் பிரித்தால் வரும் தலைமயிர் போன்ற இழை. 0.2 மில்லிமீற்றர் செம்பு இழை ஏறத்தாழ 7 ஆம்பியரில் உருகும். லூக்காஸின் 35க்கு ஐந்து இழை. அவருக்கு ஆம்பியர்க் கணக்கு யாரும் படிப்பிக்கவில்லை, ஒவ்வொரு இழையாகக் கூட்டி எரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. (நான் பிறகு சூத்திரம் போட்டுப் பார்த்தேன். சரியாகவே வந்தது.) ஐந்தை எண்ணிப் போடுவார், ஆறாவது இழை போடச் சொல்லி வற்புறுத்தும் ரக்சிக்காரரை அனுப்பிவிடுவார்.

தாழ்வாரத்தின் உள்பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. திறந்து காட்டினார். செம்புக் கம்பிச் சுருள்கள், தடிப்பு வாரியாக. 1964இல் நோட்டுச் செல்லாமல் போனது. 1985இல் மறுபடி. 1987 செப்ரெம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் கடதாசியானது, மாற்றித் தரவும் இல்லை. ஒன்பதில் பிரிபடும் 45, 90 சாட் நோட்டுகள் வந்தன. அந்த வருசக் கடைசியில்தான் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது.

“மூணு வாட்டி போச்சு. அப்புறம் காச நம்பல, செம்பத்தான் நம்பினேன்.”

மூன்றாவது முடிச்சு, சீனாக்காரன். 1988க்குப் பிறகு எல்லை வர்த்தகம் திறந்து சீன வயர் வந்தது. மலிவு. இழை குறைவு, தோல் தடிப்பு, சூட்டில் இளகும். ஆனால் கார் இறக்குமதிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், அது உரிய ஆட்களுக்குத்தான் கிடைத்தது. நான் போன 2010இல் இருபது வருசப் பழைய யப்பான் காருக்கு அங்கே பல பத்தாயிரம் டொலர். கனடாவில் அதைத் தள்ளிக்கொண்டு போக நாங்கள் காசு கொடுப்போம்! வெளிநாட்டுப் பயணிகள் இந்தப் பழைய கார்களைப் படம் எடுத்து “காலம் உறைந்த நகரம்” என்று எழுதுவார்கள். எனக்கு அந்தச் சொல்லில் கோபம் வரும். காலம் உறையவில்லை. கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள், உள்ளே இருந்தவர்கள் இழை எண்ணினார்கள்.

2011 செப்ரெம்பரில் கதவு திறந்தது. 40 வருசத்துக்கு மேற்பட்ட வாகனத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்தால் புதிதாக ஒரு கார் இறக்குமதி செய்ய அனுமதி. பிறகு 30 வருசம், பிறகு 20. ஓட்டைக் காரின் பெறுமதி அதன் இரும்பில் இல்லை, அது பெற்றுத்தரும் பத்திரத்தில் என்றாகிவிட்டது. சனம் வரிசையில் நின்றது. மொறிஸ், ஹில்மன், ஜீப் எல்லாம் உருக்கப் போயின. குறை சொல்ல மாட்டேன். பிறேக் பிடிக்கும் கார் வேண்டும் என்று ஆசைப்பட மனிதருக்கு உரிமை உண்டு. பெரியவர் திருத்திய அந்த மொறிஸும் போனது. போகுமுன் பியூஸ் பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டாராம்.

2013இல் மறுபடி போனேன். தாழ்வாரத்துக்குக் கீழே யப்பான் கார். பியூஸ் பெட்டி மூடியில் எல்லாம் யப்பானிய எழுத்து. அவர் ஒவ்வொரு பியூஸாகக் கழற்றி, எது நிற்கிறது என்று பார்த்து, மூடியில் பெயின்றால் பர்மிய எழுத்தில் குறித்து வைத்திருந்தார். ஒன்றில் மட்டும் தமிழில் “ஊதல்”. ஏன் என்றேன். “அதுக்கு எடம் பத்தல, நம்ம எழுத்து சின்னதா எழுதலாம்” என்றார். வேலை குறைந்திருந்தது. புதுக் கார் பழுதானால் கடையில் பியூஸ் வாங்கலாம், பத்து சதத்துக்கும் பெறாத பிளாஸ்ரிக் துண்டு.

2018இல் காலமானார்.

2021 பெப்ரவரியில் மறுபடி இராணுவம். அதே வருசம் ஒக்டோபரில் அந்நியச் செலாவணி இல்லை என்று கார் இறக்குமதியை நிறுத்தினார்கள். சாமான் விலை ஏறியது, பிறகு சாமானே தட்டுப்பாடானது.

போன மாதம் வந்த அழைப்பு அவருடைய மகனிடம் இருந்து. தகப்பன் உயிரோடு இருக்கும்போது கராஜுக்குள் கால் வைக்காதவர், மாலில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தவர். இப்போது தாழ்வாரத்தில் நிற்கிறார். மரப்பெட்டி அப்படியே இருக்கிறதாம்.

“அண்ணே, அப்பா சொன்னதெல்லாம் நீங்க எழுதி வச்சிருக்கீங்கன்னு சொல்வாரு. 15 ஆம்பியருக்கு எத்தன எழை போடுவாரு?”

என் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். அதில் 35க்கு மட்டும்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தேன்.

“இரண்டு, தம்பி,” என்றேன். “மூன்றாவதைப் போடாதை.”